முதல் தண்ணீர் இனிக்கும்

காலாப்பட்டிலிருந்து கனகசெட்டிக்குளம் வரைக்கும் தரைக்கு மேலே இருப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பம்ப்செட் கடையில் கிரீஸ் துடைக்கப் போய், பிறகு அதே தெருவில் சொந்தக் கடை வைத்தேன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்கு மேல் என் கையால் இறக்கிய மோட்டார்தான் ஓடியது. புதுச்சேரியில் மாடி வீடு கட்டினேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் பிரான்சுக்கு அனுப்பினேன். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை.

வீட்டுக்காரி மௌத்தான பிறகு அந்த மாடி வீடு எனக்கு ரொம்பப் பெரியதாகிவிட்டது. மேல் அறைகளைப் பூட்டிவிட்டேன். கீழே ஒரு அறையில் படுக்கை, ஓர் அடுப்பில் சமையல். பிள்ளைகள் போன் செய்வார்கள். சாப்பிட்டீங்களா அத்தா, மாத்திரை போட்டீங்களா அத்தா என்பார்கள். பேரப்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ சொல்லும், புரிந்த மாதிரி சிரிப்பேன். போனை வைத்ததும் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அதனால் விடிகாலையில் சுபுஹு தொழுத கையோடு பஸ் ஏறிக் காலாப்பட்டில் இருக்கிற என் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை. தினமும் போய்ப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரரோடு டீ குடிக்கத்தான் போனேன்.

அவர் என்னைவிட இளையவர். கத்தரியும் கனகாம்பரமும் போடுவார். காலையில் தண்ணீர் கட்டிவிட்டு, பகலில் டவுனில் ஓர் ஓட்டலில் வாட்ச்மேன் வேலைக்குப் போவார். என்னை பாய் என்பார், நான் அவரை மச்சான் என்பேன். பிள்ளைகள் பிரான்சில் இருப்பதால் கிண்டலுக்கு, வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி, முசே என்றும் கூப்பிடுவார். அவர் பிளாஸ்க்கில் டீ கொண்டு வருவார், நான் பன் வாங்கிப் போவேன். வரப்பில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருப்போம். அவர் தண்ணீர் கட்டி முடிப்பதற்குள் எனக்கு அன்றைய பேச்சு கிடைத்துவிடும்.

ஓட்டலில் டூட்டி நேரத்தைக் காலையில் இன்னும் சீக்கிரமாக மாற்றினார்கள். அங்கேதான் ஆரம்பித்தது. கிணற்றிலிருந்து மெதுவாக வருகிற தண்ணீரை வைத்துப் பாத்தி பாத்தியாகக் கட்ட அவருக்கு நேரம் போதவில்லை. ஆழமாகப் போர் போட்டுப் பெரிய மோட்டார் இறக்கப்போவதாகச் சொன்னார். சீக்கிரம் கட்டிவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்பது அவர் கணக்கு.

வேண்டாம் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடை வைத்திருந்த காலத்தில் காலாப்பட்டுக் காலேஜிலிருந்து ஓர் அம்மா வந்து என் கிணற்றில் நீள ஒயரை இறக்கிப் பார்த்தார். உப்புத் தண்ணீருக்குக் கனம் அதிகம், நல்ல தண்ணீருக்குக் கனம் குறைவு என்றார். கடலோரத்தில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, குழம்பு மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி உப்புத் தண்ணீர் மேல் நிற்கிறதாம். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உப்பு ஒரு தென்னை உயரத்துக்கு ஏறப் பார்க்குமாம். அவர் இதை ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நான் இறக்கிய மோட்டார் எதுவும் ஆழத்துக்குப் போகவில்லை, ஒன்றிலும் உப்பு வரவில்லை.

"நம்ம நல்ல தண்ணி மேலதான் கீது மச்சான். கீழ போனா கடலு."

"நீங்க வித்ததெல்லாம் சின்ன மோட்டாரு," என்றார். "பெருசப் பாத்தா ஒங்களுக்கு வயித்தெரிச்சல், முசே."

போர் வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் ஏற்றினார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் போரில் சேறு போய்த் தெளிந்ததும், வந்தவர்களில் பெரியவர் யாரோ அவர் கையில் முதல் சொம்பைக் கொடுப்பார்கள். அவர் குடித்து நன்றாயிருக்கிறது என்றால் போர் நல்ல போர். அன்றைக்கு அந்தச் சொம்பு என் கைக்கு வந்தது. குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

முதல் தண்ணீர் இனிக்கத்தான் செய்யும். பெரிய மோட்டார் முதலில் சுற்றிலும் மேலேயும் இருக்கிற நல்ல தண்ணீரைத்தான் இழுக்கும். இழுக்க இழுக்க, குழாய்க்கு நேர் கீழே உப்பு கரையான் புற்று மாதிரி கூம்பாக எழும்பும். புற்றின் நுனி குழாயைத் தொடுகிற அன்றைக்குத்தான் வாய்க்குத் தெரியும். இதை அங்கேயே நின்று சொன்னேன். பொங்கல் கிண்ணத்தை என் கையில் வைத்து, சாப்பிடுங்க பாய் என்றார்கள்.

கத்தரி இலை ஓரம் முதலில் கருகியது. பிறகு கனகாம்பரம் பூக்கவில்லை. பாத்தி காய்ந்தால் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. அவர் வாயில் தண்ணீரை ஊற்றிப் பார்த்துத் துப்பினார். "அப்பவே சொன்னேன் இல்ல மச்சான்?" என்றேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, உள்ளதைத்தானே சொன்னேன்? மறுநாளிலிருந்து பிளாஸ்க் வரவில்லை. வந்த வேலையைப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். நான் பன்னைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் சம்சாரம்தான் வரப்போரம் நின்று சொன்னது. வெளியூர்க்காரர் ஒருவர் தங்கும் விடுதி கட்ட நிலம் கேட்கிறாராம், கொடுத்துவிடலாம் என்று இவர் சொல்கிறாராம். உப்பு மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றது.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அவர் விற்றுவிட்டால் அந்தப் பக்கம் மதில் எழும்பும். அப்புறம் நான் அங்கே போய்த் தென்னையோடா பேசுவது? வீட்டில் பிரிட்ஜ், தோட்டத்தில் தென்னை. இப்படியே கிடக்க வேண்டியதுதானா என்று தோன்றியது.

வாயால் சொன்னது ஏறாதவனுக்குக் கண்ணால் காட்ட வேண்டும். வீட்டுக்காரி ஊறுகாய் போட்டு வந்த கண்ணாடி ஜாடியை எடுத்தேன். உப்பைக் கரைத்து, நிறத்துக்கு ரோஸ் சர்பத் விட்டு, அடியில் ஊற்றினேன். அதன் மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் எல்லாம் கலந்து போனது. சாயங்காலம் சாயங்காலமாகச் செய்து, பாழானதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். பேச ஆள் இல்லாத வீட்டில் கைக்கு வேலை கிடைத்ததே என்றிருந்தது. கடைசியில் மேலே கண்ணாடி மாதிரியும் கீழே சிவப்பாகவும் கோடு போட்டது போல நின்றது. இதை வேறு எவனாவது செய்து காட்டட்டும்.

டூட்டி முடிந்து வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொல்லி அவருக்குப் போன் செய்தேன். வாட்ச்மேன் சட்டையோடு வந்தார். வீட்டுக்காரி போன பிறகு என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். இளநீர்க் கடையில் வாங்கிய ஸ்ட்ராவைக் கையில் கொடுத்தேன்.

"கீழ வெச்சி இஸ்து குடி."

சிவப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்து உறிஞ்சினார். சிவப்பு கூராக எழும்பி ஸ்ட்ராவுக்குள் ஏறியது. முகத்தைச் சுளித்தார்.

"இப்ப மேல வையி. கொழந்த பால் குடிக்கிற மாதிரி, மெதுவா."

மெதுவாகக் குடித்தார். கோடு அசையவில்லை.

"அப்ப என் போர்ல புத்து ஏறிடிச்சா பாய்?"

"ஏறிடிச்சி. இஸ்க்காம வுட்டா எறங்கும்."

"மண்ணுல கீற உப்பு?"

"மழை அடிச்சா கீழ போயிடும். அந்த விடுதிக்காரன் கிட்ட மட்டும் சரின்னு சொல்லிடாத."

அவர் ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவசரமாகத் தண்ணீர் கட்டாமல் தனக்கு எப்படிச் சரிப்படும் என்று கேட்டார். அதற்கும் வழி வைத்திருந்தேன். போரின் அடியைக் களிமண் போட்டு அடைத்துவிடுவது. பழைய கிணற்றில் சின்ன மோட்டாரை மேல் மட்டத்திலேயே வைத்து, பகல் முழுக்க நிதானமாக ஓட்டித் தொட்டியை நிரப்புவது. வேலை முடிந்து வந்து தொட்டியைத் திறந்தால் வேண்டிய வேகத்தில் பாயும். இழுப்பது மெதுவாக, பாய்வது வேகமாக.

"நாள் பூரா மோட்டார யாரு பாத்துக்கறது?"

"நான் கீறேன் இல்ல," என்றேன்.

நிலத்தை அவர் விற்கவில்லை. மழை நன்றாகப் பெய்து, மண்ணின் உப்பைக் கழுவி இறக்கியது. கத்தரி மறுபடி பச்சை கட்டியது. அந்தக் கடலோரத்தில் இன்றைக்கும் இளநீர் மாதிரி இனிக்கிற தண்ணீர் எங்கள் இரண்டு பேர் கிணற்றில்தான். எவன் வேண்டுமானாலும் வந்து குடித்துப் பார்க்கட்டும்.

ஒன்றுதான். இப்போது அவருக்குக் காலையில் தோட்டத்துக்கு வரவேண்டிய வேலை இல்லை. நேராக டூட்டிக்குப் போய்விடுகிறார். சாயங்காலம் வந்து தொட்டியைத் திறக்கிறார். இருட்டினால் எனக்குக் கண் சரியாகத் தெரியாது, அதற்குள் நான் பஸ் ஏறியாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கேயோ அவர் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒன்றை ஒன்று தாண்டிப் போகின்றன. எது அவர் பஸ் என்று எனக்குத் தெரிவதில்லை.

பகலில் ஓட்டல் வாசலில் ஆள் நடமாட்டம் குறைகிற நேரத்தில் போன் செய்வார்.

"ஓடுதா பாய்?"

"ஓடுது மச்சான்."

சரி என்று வைக்கப் போவார். கேட்டுக்க என்று சொல்லி, போனை மோட்டார் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிப்பேன். மோட்டார் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் லைனில் இருப்பார்.