துரைசாமிக் கல்லும் எக்ஸ்ரே அம்மாவும்

தச்சநல்லூரில் என் மருந்துக்கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் வந்தது. ரூபி அக்காவின் தம்பி பேசினார். "அண்ணாச்சி, அக்கா விடியக்காலம் தவறிட்டாவ. நாளைக்கு சாயங்காலம் அடக்கம்." தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கல்லறைத் தோட்டம் என்று கேட்கத் தோன்றவில்லை. பாளையங்கோட்டையில் அக்காவுக்குப் பழக்கமில்லாத கல்லறைத் தோட்டம் எது?

சொந்தக் கடை வைப்பதற்கு முன் நான் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அங்கே எக்ஸ்ரே பிரிவில் இருந்தவர் ரூபி அக்கா. எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். நான் கொடுக்கும் மாத்திரை அட்டைக்கும் அதே மரியாதைதான். "எலும்பு முறிஞ்சிருக்கான்னு பாக்கீங்களாக்கா?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிர, பழக்கத்தை விடமாட்டார்.

ஓர் ஈஸ்டர் விடியலில்தான் எல்லாம் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். அப்பாவின் கல்லறையில் ஏற்றியது போக அக்காவின் கையில் ஒரு மெழுகுவர்த்தி மிஞ்சியது. பக்கத்தில் சாய்ந்து கிடந்த ஒரு பழைய கல்லின் மேல் அதை வைத்தார். வைத்த பிறகு, இவர் யாராக இருக்கும் என்ற யோசனை வந்துவிட்டது. மறுநாள் காலை முகம் பார்க்கும் கைக்கண்ணாடியோடு போய் வெயிலைக் கல்லின் மேல் சாய்வாகத் திருப்பினார். தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள் நிழல் கட்டி எழுந்து நின்றன. கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இருந்த ஓர் இளம் சிப்பாய், காய்ச்சலில் இறந்தவன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் கல்லறைகள்தான். பல நாள் என் பைக்கில்தான் போனோம். கற்களில் பல பாளையக்காரர் சண்டைக் காலத்தவை. அந்தச் சண்டை என்றால் பீரங்கியும் வாளும்தான் எனக்கு நினைவுக்கு வரும். அக்கா கற்களைப் படித்துவிட்டு வேறு கதை சொல்வார். "குண்டடி பட்டுச் செத்தவனவிட பேதியில செத்தவந்தான் தம்பி அதிகம். இவனுவளுக்குத் தளபதி வேண்டியதில்ல, நல்ல தண்ணி வேண்டியிருந்திருக்கு." தாமிரபரணி ஆற்றோரம் வந்து தண்ணீரால் செத்திருக்கிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் அக்காவை உறங்கவிடாத கல் ஒன்று உண்டு. ஆற்றின் மேல்கரையில் ஒரு கிராமத்து வாய்க்கால் ஓரம் கிடந்தது. ஊர்க்காரர்களுக்கு அது துரைசாமி. குதிரையோடு விழுந்து செத்த வெள்ளைக்காரத் தளபதி என்றும், வயல்களுக்கு அவர்தான் காவல் என்றும் நம்பினார்கள். வருடத் திருவிழாவான கொடைதோறும் சுருட்டும் பன்னும் படைத்து, கல்லுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசுவார்கள். பூசிப் பூசி எழுத்தே தெரியாமல் போயிற்று. கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, பூசை செய்யும் சுடலைமுத்து அண்ணாச்சி கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "எம்மா, கல்லுல கை வைக்காதீய. தொரை கோவக்காரரு."

அக்கா கை வைக்கவில்லை. வருடம் தவறாமல் கொடைக்குப் போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். "அவருக்குன்னு ஒரு பேரு இருக்கும்லா தம்பி. தெரியாமலே போயிருவேனோ என்னமோ" என்பார். நோய் அவரைப் பிடித்த பிறகு அதை அடிக்கடி சொன்னார்.

ஒரு மார்கழியில் தாமிரபரணி கரை கடந்து வந்த வெள்ளம் சுண்ணாம்பை உரித்துப் போட்டது. சுடலைமுத்து அண்ணாச்சியே போன் செய்தார். "எக்ஸ்ரே அம்மா, தொரை மொகம் தெரியுது. வந்து பேரப் படிச்சுச் சொல்லுங்க."

சேறு காயுமுன் போய்விட்டோம். ஊரே சுற்றி நின்றது. அக்கா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் படித்தவர், சட்டென்று தாழ்த்திவிட்டு என் காதருகே வந்தார். "தொரை இல்ல தம்பி. பொம்பள. மேரின்னு பேரு. ஒரு சார்ஜண்ட்டோட பொஞ்சாதி. கூடவே பச்சப்புள்ள. ரெண்டு பேரும் ஒரே நாள்ல."

"சும்மா இருங்கக்கா. கொடையே நின்னு போயிரும்" என்றேன்.

"பேரக் கேக்காவ. அது அவளோட பேரு. நாம எப்படி மறைக்க?"

ஊருக்கு முன்னால் அக்கா சொல்லிவிட்டார். சுடலைமுத்து அண்ணாச்சி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பிள்ளப் பெத்தவளுக்கா இம்புட்டு நாளும் சுருட்டு வச்சோம்?" என்றார்.

"கோவிச்சிருக்க மாட்டா அண்ணாச்சி. யாரோ நெனச்சுப் பாக்காவன்னு இருந்திருப்பா" என்றார் அக்கா.

அடுத்த கொடைக்கு வளையலும் பாலும் வைத்தார்கள். ஒரு சுருட்டும் இருந்தது. கேட்டதற்கு, "அது அவ புருசனுக்கு. அந்த மனுசன் எங்கன கெடக்கானோ" என்றார் அண்ணாச்சி. அக்காவின் கண் விரிந்ததைப் பார்த்தேன். அன்று முதல் அந்த சார்ஜண்ட்டைத் தேட ஆரம்பித்தார். கல்லில் அவன் பெயரின் முதலெழுத்தும் படைப்பிரிவும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. நடக்க முடிந்தவரை தேடினார். கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு சுடலைமுத்து அண்ணாச்சி பஸ் பிடித்து வந்திருந்தார். ஜெபம் முடியும்வரை வாசலிலேயே நின்றார். மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு பைய உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்குக் கல்லு வைப்பாவள்லா?"

"வைப்பாங்க அண்ணாச்சி."

"சுண்ணாம்பு மட்டும் பூச விட்டுராதீய. பேரு தெரியணும்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

அக்காவின் தம்பி அந்தக் கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிறு கடைக்கு விடுமுறை. போய் வாருங்கள் அக்கா. இந்நேரம் அந்த சார்ஜண்ட்டை நீங்களே கண்டுபிடித்து, எங்கே கிடந்தீர் என்று கேட்டிருப்பீர்கள். இருந்தாலும், இந்தப் பக்கம் நானும் தேடிப் பார்க்கிறேன்.