எழுப்ப வேண்டியவளும் எழ வேண்டியவளும்

சின்னவள் தன் வாழ்க்கையில் வென்றவை இவை. பள்ளியில் சாக்கு ஓட்டத்துக்கு இரண்டாம் பரிசு. சாக்கின் அடி கிழிந்து பாதி வழியில் அது கழுத்துக்கு ஏறிவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. மொட்டை மாடியில் வெயில் விழும் பக்கத்துக் கொடிக்கயிறு. மேல்வீட்டு வக்கீல் அம்மாவிடம் ஒரு வார்த்தை சண்டை போடாமல், தினமும் அவருக்கு முன்பே போய் ஒரே ஒரு காலுறையைக் காயப்போட்டே அதைப் பிடித்தாள். சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் பிரிவுக்கு ஒரு நாற்காலி. நிர்வாகம் சம்மதித்த பிறகு கதவு சம்மதிக்கவில்லை, கால்களைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். கடைசியாக, அதே கூடத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர் பதவி.

இந்தக் கடைசி வெற்றிக்காக அவள் பட்ட பாட்டைவிட வீட்டார் பட்ட பாடு அதிகம். அதை முறையாகச் சொல்லக்கூடியவள் அக்கா பெரியவள்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தையல் அரை நூல் பிசகினாலும் மொத்தத்தையும் பிரித்துப்போட்டு மறுபடி தைப்பாள். தங்கையின் விஷயத்திலும் அப்படித்தான், ஒன்றையும் விட்டுச் சொல்ல மாட்டாள்.

சலவைக்கூடம் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சொந்தமானது. சின்னவள் அங்கே ஒன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பழைய சூப்பர்வைசர் ஓய்வுபெற்றதும், பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு மேலாண்மை வகுப்புக்கு வரவேண்டும், பிறகு நேர்முகம் என்று அறிவித்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் டை கட்டிய ஒரு மெலிந்த மனிதர். கற்றதை முதலில் வீட்டில் செய்து பழகுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியே போய்விட்டார். அது பேச்சுக்குச் சொன்னது என்று மற்றவர்களுக்கெல்லாம் புரிந்தது. சின்னவள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவள்.

மறுநாள் காலையில் சமையலறையில் கூட்டம் என்றாள். நின்றுகொண்டே பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது விதி. அப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் நாற்காலியோடு வந்தார். அதைப் பார்த்து அத்தானும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். அத்தான் பெரியவளின் கணவர், பூட்டு ரிப்பேர்க்காரர். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், தன் வாயை மட்டும் அவரால் பூட்ட முடியாது.

"மேலாண்மைன்னா என்ன மேனேஜரம்மா?" என்றார்.

"வீட்டுல இருக்கிற ஆளுங்களை வச்சு வேலையை ஒழுங்கா நடத்துறது அத்தான்."

"அப்படியா. நீ மேலாண்மை. அப்ப கீழாண்மை யாருன்னு நான் கேக்கவே வேண்டாம்."

அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் "கீழாண்மை பேசுறேன்" என்றுதான் போனை எடுத்தார்.

அடுத்ததாகக் குளிர்சாதனப் பெட்டியில் கைவைத்தாள். சலவைக்கூடத்தில் முதலில் வந்த துணிதான் முதலில் வெளியே போகவேண்டும். ரொட்டிக்கும் அதே சட்டம் என்றாள். பழைய ரொட்டி தீரும்வரை புதியதைத் தொடக்கூடாது. பழையது தீர்கிற நேரத்தில் புதியதும் பழையதாகிவிடும், ஆகவே அந்த மாதம் முழுக்க வீட்டில் ஒருவரும் மெத்தென்ற ரொட்டியைப் பல்லில் வைக்கவில்லை. அப்பா தினமும் பெட்டியைத் திறந்து புது ரொட்டியைப் பார்த்துவிட்டு மூடுவார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது.

இதையெல்லாம் பெரியவள் பொறுத்துக்கொண்டாள். வருடாந்திர மதிப்பீடு என்று உட்காரவைத்து, "சுத்தம் ரொம்ப நல்லது, விட்டுக்குடுக்கிறதுல முன்னேற்றம் தேவை" என்று தங்கை சொன்னபோதுகூட, தையல் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். ஒன்பது வருடம் நின்றே துணி மடித்த கால்கள் தங்கையுடையவை. இந்தப் பதவி வந்தால் கொஞ்சம் நடக்கலாம், கொஞ்சம் உட்காரலாம். அதற்காகக் காய்ந்த ரொட்டியை எத்தனை நாள் வேண்டுமானாலும் தின்னலாம்.

வகுப்பில் சொன்னதில் சின்னவளுக்கு மிகவும் பிடித்தது பொறுப்பை ஒப்படைப்பது. யாருக்கு எது பலமோ அந்த வேலையை அவருக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்தபின் கொடுத்தவர் அதில் மூக்கை நுழைக்கக்கூடாது. தன்னால் முடியாதவர், தன்னைவிடப் பொருத்தமான ஆளிடம் ஒப்படைக்கலாம்.

நேர்முகம் காலை எட்டு மணிக்கு. முந்தின நாள் மாலை ஷிப்டு முடிந்து வந்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். ஆகவே ஆறு மணிக்குத் தன்னை எழுப்பும் பொறுப்பை அப்பாவிடம் ஒப்படைத்தாள். அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றால் போன பேருந்தும் திரும்பி வரும்.

அவள் ஷிப்டுக்குப் போயிருந்த அந்தச் சாயங்காலம் பார்த்து அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் சைகை காட்டிப் பொறுப்பைப் பெரியவளிடம் ஒப்படைத்தார். பெரியவள் விடியற்காலையில் ஒரு கல்யாணச் சட்டையை முடித்துக் கொடுக்கவேண்டும், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் தெரியாது. அவள் கணவரிடம் ஒப்படைத்தாள். அத்தான் யோசித்தார். தனக்குப் பலம் தூங்குவது என்று மேனேஜரே மதிப்பீட்டில் சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் யார்? அலாரம் வைத்த போன் யாரிடம் இருக்கிறது? எல்லா விதத்திலும் பொருத்தமான ஆளுக்குப் போனில் ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தார்: "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குச் சின்னவளை எழுப்புற பொறுப்பு உன்கிட்ட ஒப்படைக்கப்படுது. இப்படிக்கு, கீழாண்மை."

சின்னவள் அதைப் பார்க்கவேயில்லை. வந்தாள், விழுந்தாள், தூங்கினாள்.

காலை ஏழு மணிக்கு அவளுடைய அறை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். உள்ளே குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. நீங்க எழுப்பலையா என்று பெரியவள் கேட்டாள். ஒப்படைச்சாச்சு என்றார் அத்தான். யாரிடம் என்று கேட்டு, பதில் தெரிந்ததும் பெரியவள் கதவைத் தட்டக் கை ஓங்கினாள். ஆனால் விதி விதிதானே. ஒப்படைத்த வேலையில் மூக்கை நுழைத்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று அப்பா கிசுகிசுத்தார். கிசுகிசுக்கத்தான் அவருக்குக் குரல் இருந்தது. இதற்கு ஒரு கூட்டம் போடலாமா என்றார் அத்தான். நின்றுகொண்டே கூட்டம் நடந்தது. அப்பா நாற்காலி எடுக்கப் போனார்.

அதற்குமேல் பெரியவளால் முடியவில்லை. சமையலறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பாத்திர மூடியை எடுத்துவந்து, வாசலில் கைதவறவிட்டாள். அவள் கையிலிருந்து ஊசிகூடத் தவறியதில்லை என்பது அத்தானுக்குத் தெரியும். அவர் குனிந்து மூடியை எடுத்துக் கொடுத்தார்.

சின்னவள் எழுந்தாள், மணியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மூன்று பேரையும் பார்த்தாள். திட்ட நேரமில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஓடியவளைத் தெருமுனையில் பிடித்து, பெரியவள் ஒரு நூல்கடைக்குப் பின்னால் வைத்துத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

நேர்முகத்தில் நடந்ததைச் சின்னவள் பிறகு வீட்டில் பல தடவை நடித்துக் காட்டினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். மேலாளர் கறாரான பெண்மணி. பேனாவை மூடிவைத்துவிட்டு, தாமதத்துக்குக் காரணம் கேட்டார். சின்னவள் அப்பாவின் தொண்டையிலிருந்து பாத்திர மூடிவரை சொன்னாள்.

"அப்ப தப்பு யாரோடது? அப்பாவா, அத்தானா?"

"என்னோடதுதான் மேடம். எழுப்ப வேண்டியவளும் நான்தான், எந்திரிக்க வேண்டியவளும் நான்தான். ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க."

மேலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சரி, அந்த ரெண்டு பேர்ல யாரை நான் வேலைக்கு எடுக்கிறது?"

"எழுப்புறவளை எடுத்துக்குங்க மேடம். தூங்குறவ வீட்டுல இருக்கட்டும். அவளை எங்கக்கா பாத்துக்கும்."

மேலாளர் மறுபடி பேனாவைத் திறந்தார். விரிப்புக் கட்டுகளைப் பற்றியும், ஆள் வராத நாளில் என்ன செய்வாள் என்பதைப் பற்றியும் நெடுநேரம் கேட்டார். நாற்காலி கதவுக்குள் நுழைந்த கதையையும் கேட்டார். கடைசியில் ஒரு தாளை நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

அங்கேதான் சின்னவள் மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கையெழுத்தே கிடையாது. சலவைக்கூடத்தில் மடிப்பவர்களுக்கு எண்தான், கட்டின்மேல் எண் முத்திரையைக் குத்தினால் போதும். வீட்டிலோ, பார்சல் வந்தாலும் நூலகச் சீட்டு வந்தாலும், "உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும், நீயே போட்டுடுக்கா" என்று நீட்டிவிடுவாள். மேலாண்மை படிப்பதற்கு முன்பே அவள் ஒப்படைத்த முதல் பொறுப்பு அது.

ஒரு நிமிடம் என்று சொல்லி வெளியே வந்து போன் செய்தாள்.

"அக்கா, வேலை குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போடணுமாம். கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

பெரியவளுக்கு முதலில் கண்ணீர் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு விதி ஞாபகம் வந்தது.

"அது எனக்குப் பொருத்தமான வேலை இல்ல சின்னவளே. என்னைவிடப் பொருத்தமான ஆளுகிட்ட ஒப்படைக்கிறேன். நீ போடு. நான் மூக்கை நுழைக்க மாட்டேன்."

அந்தத் தாளின் நகல் பெரியவளின் பீரோவில் இருக்கிறது. அதில் இருப்பதைக் கையெழுத்து என்று சொல்ல முடியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் எழுத்தும் விடாமல், கோட்டுக்கு மேலே ஏறி எழுதப்பட்ட முழுப்பெயர். அதன் கீழே அவளே போட்ட தேதி: மார்ச் 14, 2018.