எங்கள் ஊருக்கு வந்த குவாத்தமாலா

நேற்று மாலை தொலைக்காட்சியில் நாலு பேர் ஆளுக்கொரு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நாட்டின் எல்லையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு ஏலக்காய் பக்கத்து நாட்டு வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது, தடுக்க வேண்டும் என்று ஆரம்பித்த பேச்சு, கொஞ்ச நேரத்தில் காயை விட்டுவிட்டு ஆளுக்குத் தாவிவிட்டது. யார் வருகிறான், எங்கிருந்து வருகிறான், அவனை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று ஒரே இரைச்சல். பார்த்துக்கொண்டிருந்த நான், என்னை அறியாமல் டீயில் கிடந்த ஏலக்காயை எடுத்துப் பிளந்து மோந்துகொண்டிருக்கிறேன். "குடிக்கிற டீயில என்னத்தத் தேடுறீக?" என்றாள் மனைவி.

போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதப் போனவனுக்கு இது தீராத வியாதி. கல்யாண வீட்டுப் பாயசமே ஆனாலும் எனக்கு முதலில் சந்தேகம், பிறகுதான் இனிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இல்லை. அப்போது என் சட்டை, சோற்று டப்பா, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அப்பாவி எல்லாமே ஏலக்காய் வாசனைதான், சந்தேகம் மட்டும் கிடையாது. மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை இறங்கும். முதலாளி கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுப்பார், இரண்டை வாயில் போட்டு மெல்லுவார், விலை பேசுவார். எந்தத் தோட்டம் என்று கேட்கவே மாட்டார். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் போதும்.

பிறகு குவாத்தமாலா வந்தது. நாடு வரவில்லை, பேர் வந்தது. அங்கே ஏலக்காய் கொட்டிக் கிடக்கிறதாம், விலை மலிவாம், கள்ளத்தனமாகக் கொண்டுவந்து நம் காயோடு கலக்கிறார்களாம். உலகப் படத்தில் அந்த நாட்டைக் காட்டச் சொன்னால் எங்கள் கடைத்தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஆனால் அந்தக் காய் பெருசாக, ஒரே பச்சையாக, வாசனை மட்டாக இருக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விலை இறங்க இறங்க இந்த அறிவு ஏறிக்கொண்டே போனது.

அந்த வருஷம் பார்த்துத்தான் சின்னச்சாமி மாமாவின் காய் பெருசாக, ஒரே பச்சையாக வந்து இறங்கியது.

மாமா ராசிங்காபுரத்துக்காரர். எந்த வழியில் எனக்கு மாமா என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. கீழே இருந்த வயலை விற்றுவிட்டு, போடிமெட்டு தாண்டி மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்கியிருந்தார். அவர் குடும்பத்துக்கு அந்தக் காயைத் தவிர வேறு போக்கு கிடையாது.

முதலாளி வழக்கம்போல ஒரு பிடி எடுத்தார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, மருமகன் வந்திருக்கிறாராமே, எந்த நாட்டில் வேலை என்று விசாரித்தார். மரியாதையாகத்தான் கேட்டார். மாமாவும் வெள்ளந்தியாக, துபாய் என்றார். கடையில் இருந்த தரகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் கதை முழுசாகிவிட்டது. மருமகன் பெரிய பெட்டியோடு வந்து இறங்கியதைக் கண்ணால் கண்ட சாட்சிகளும் கிடைத்தார்கள். துபாய்க்கும் குவாத்தமாலாவுக்கும் என்ன சம்பந்தம், ஒரு பெட்டியில் எத்தனை மூட்டை அடங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் ஒரு காயைப் பிளந்து மோந்தேன். வாசனை கொஞ்சம் மட்டுதானோ என்று பட்டது. மூக்குக்கு நாம் சொல்லிக்கொடுத்ததுதானே தெரியும்.

மாமாவிடம் காரணம் இருந்தது. அதுவரை பக்கத்து எஸ்டேட்டில் விறகுச் சூட்டில் காயவைத்தவர், அந்த வருஷம் சொந்தமாகக் காய் உலர்த்தும் டிரையர் போட்டிருந்தார். நிதானமான சூட்டில் காய்ந்ததால் பச்சை மாறவில்லை. இதைச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. கடைசியில் முதலாளியைப் பார்த்து, "ஒருக்கா மலைக்கு வந்து பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார்.

போனோம். கேரள எல்லையில் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் ஒரு மலையாளக் காவலர் ஜீப்புக்குள் தலையை விட்டு, "எந்தா சாக்கில்?" என்றார். காலிச் சாக்கு என்றோம். உதறிக் காட்டச் சொன்னார். உதறியதில் தூசிதான் வந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

தோட்டத்தில் மாமா செடி செடியாகக் குனிந்து, தூரில் படர்ந்து கிடந்த காய்ச் சரங்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பறிக்காமல் விட்ட காய் பெருசு பெருசாக இருந்தது. டிரையரைத் திறந்து காட்டினார். மருமகன் வெளியே வந்து, என் பெட்டியையும் திறக்கட்டுமா என்று கேட்டபோது எனக்குக் கூசிப்போனது. முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், அத்தை கொடுத்த காப்பியையும் குடித்தார். அப்பாடா, விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

இறங்கி வரும்போது, பாதி மலையில் அவர் வாயைத் திறந்தார்.

"செடியெல்லாம் இருக்கத்தான் செய்யுது. மூட்டையில கெடக்குறது இந்தச் செடியில காய்ச்சதுதான்னு யாரு கண்டா?"

  எதைக் காட்டினாலும் அதற்கு அடுத்ததைக் கேட்கலாம்.

மாமா கடைக்கு வந்தபோது, மட்டக் காய் விலைக்கென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் முதலாளி. மாமா மூட்டைகளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றினார். மற்ற கடைகளுக்கு அதற்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் காயை அவர் எங்கே தள்ளினார் என்று தெரியாது. கொஞ்ச காலத்தில் தோட்டத்தையே விற்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வடக்கே எங்கோ எல்லையில் ஒரு லாரி வெளிநாட்டுக் காயோடு பிடிபட்டதாகச் சேதி வந்தது. கடைத்தெருவே மனம் குளிர்ந்துபோனது, நாங்கள் அன்றைக்கே சொன்னோமா இல்லையா என்று. வெளிநாட்டுக் காய் வந்தது அந்த வழியாகத்தான் என்றால், சின்னச்சாமியின் காய் அவர் தோட்டத்துக் காய்தான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று பார்த்தேன். பேச்சு லாரி ஓட்டியவன் எந்த ஊர், என்ன ஆள் என்பதற்குப் போய்விட்டது.

இப்போது முதலாளி இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். காய் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது, மூட்டைக்கு நம்பர்தான். மாமாவின் தோட்டத்தில் சுற்றுலா விடுதி எழும்பிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் வடக்கத்திப் பையன்கள் கீழே இறங்கினால், ஊர்க்காரர்கள் டீக்கடையில் நிறுத்தி, உண்மையில் எந்த நாடு என்று கேட்கிறார்கள். பையன்கள் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலை நான் மாமாவின் தோட்டத்திலேயே பார்த்தவன்.

போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் மாமாவைப் பார்த்தேன். தேவாரத்தில் மகளோடு இருக்கிறாராம், தளர்ந்துவிட்டார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது உங்கள் காய்தான், எனக்குத் தெரியும் மாமா என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே என் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"மாப்ளே, அன்னைக்கி லாரியப் பிடிச்சாகல்ல, அதோட எம்பேரையும் சேத்து யாரும் பேசலையே?"

"இல்ல மாமா. ஒருத்தரும் பேசல."

"அது போதும்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். தன் காயைத் தன் காய் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எப்போதோ அவரை விட்டுப் போயிருக்கிறது. பயம் மட்டும் போகவில்லை.