டாக்டரம்மா கேட்ட கேள்வி

செங்கல்பட்டில் நான் சந்தித்த அந்த மனநல மருத்துவரை எல்லோரும் டாக்டரம்மா என்றே அழைத்தார்கள். குள்ளமான உருவம், நரையோடிய குட்டை முடி. நோயாளி பேசத் தொடங்கினால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

திருவிடந்தையிலிருந்து என் தங்கையை அழைத்துப் போயிருந்தோம். பிரசவமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. தூக்கமே இல்லை. குழந்தையைப் பார்த்து, "இது என் புள்ள இல்ல, மாத்திட்டாங்க" என்றாள். காத்து சேஷ்டை என்றார் அவள் மாமியார். வெறும் அசதி என்றேன் நான்.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பாடு, தூக்கம் பற்றியெல்லாம் நிதானமாக விசாரித்தார். பிறகு அதே குரலில் கேட்டார்.

"குழந்தைய ஏதாச்சும் பண்ணச் சொல்லி யாராவது காதுல பேசுறாங்களாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை மெதுவாகத் தலை நிமிர்ந்தாள்.

"கடல்ல போட்டுடுன்னு சொல்லிக்கினே கீறாங்க. எனக்கு பயமா கீது."

"சொன்னது ரொம்ப நல்லதும்மா. இனிமே நீ தனியா பயப்பட வேணாம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனநோய் இது, குணமாகிவிடும், ஆனால் இன்றே சேர்க்க வேண்டும், குழந்தையோடு அவளைத் தனியாக விடக் கூடாது என்று எங்களிடம் சொன்னார்.

சில வாரங்களில் தங்கை தெளிந்தாள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில், "எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க கண்டுபுடிச்சேன்? கேட்டேன், அவளே சொன்னா" என்று சிரித்தார்.

குழந்தைக்கு இப்போது நடை வந்துவிட்டது. அம்மா எங்கே போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறான். அப்படியொரு கேள்வியை அத்தனை சாதாரணமாக ஒருவரால் எப்படிக் கேட்க முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.