கப்பித்தானுக்குச் சிப்பிக் கஞ்சி

கப்பல்காரர்களுக்குக் கஞ்சி விற்பவள் அடுப்பைவிட அவர்கள் முகத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். அடுத்தவர் பசிக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். பழவேற்காட்டில், உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர்களின் கோட்டைக்கு எதிரே, படகுத்துறையில் என் கடை இருந்தது. கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் அவர்கள் பேசுவது எனக்குப் புரியும். பாதிக் கஷ்டம் அதனால்தான்.

முகத்துவாரத்தில் வந்த படகு

ஒரு நாள் காலை, மடவை மீன் பிடிக்கப் போன நாகமுத்து வலையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சிறு படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தான். உள்ளே ஐந்து வெள்ளைக்காரர்கள், உதடு வெடித்து, கருவாடு மாதிரிக் கிடந்தார்கள். கப்பலில் கலகம். கப்பல் தலைவரான கப்பித்தானையும் அவர் பக்கம் நின்ற நால்வரையும் நடுக்கடலில் இறக்கிவிட்டு, கலகக்காரர்கள் கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

நாகமுத்து ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து வந்து என் கடையில் கிடத்தினான். கடைசியாகக் கப்பித்தானை இறக்கும்போது சொன்னான்: “அக்கா, இவுங்ககிட்ட உசுரு மட்டும்தான் கீது. கடலு எடுக்காதத உன் சோறு எடுத்துறப் போவுது, பார்த்துக் குடு.”

சிப்பியால் அளந்தது

வழி தப்பிப் பட்டினியோடு கரை சேர்ந்தவனுக்கு எங்கள் ஊரில் உடனே சோறு போடமாட்டோம். மட்டிச் சிப்பியால் ஒரு சிப்பி கஞ்சித் தண்ணீர். அது வயிற்றில் தங்கினால் சற்றுப் பொறுத்து இன்னொன்று. தானாக எழுந்து நடக்கிறவரை இதுதான். பெற்றவளானாலும் இரங்கக் கூடாது. இரங்கிய வீடுகளில் நான் ஒப்பாரி கேட்டிருக்கிறேன்.

கப்பலில் ரொட்டியைப் பாதியாகக் குறைத்ததால்தான் கலகம் வந்தது என்று, ஐவரில் ஒருவனான யான் என்கிற கிழ மாலுமி என்னிடம் முணுமுணுத்திருந்தான். கப்பித்தான் சிப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அம்மா, இவ்வளவுதான் நான் கொடுத்திருந்தால் எனக்குப் படகுகூடத் தந்திருக்கமாட்டார்கள்.”

பானையைச் சுற்றி

மறுநாள் துறைக்காரர்களுக்குச் சோறு வடித்து, மடவைக் குழம்பை இறக்கினேன். வாசனை ஐந்து பேரையும் எழுப்பிவிட்டது. கப்பித்தான் சுவரைப் பிடித்து எழுந்து, “பானையைப் பிடுங்குங்கள், இது என் கட்டளை” என்றார். கலகத்தால் துரத்தப்பட்டவர் என் கடையில் கலகம் செய்தார்.

அவரோடு வந்த கப்பல் தச்சன் உடனே கீழ்ப்படிந்தான். பானைக்குள் கையை விட்டு, சுடுவதுகூடத் தெரியாமல் வாரி வாரி விழுங்கினான். கையைப் பிடித்தேன், உதறினான். மற்றவர்கள் தவழ்ந்து வருவதற்குள் யான் என் அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு பானைக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். இளமையில் பனிக்கடலுக்குத் திமிங்கல வேட்டைக்குப் போனவன் அவன். அங்கே கப்பல் உடைந்து பட்டினி கிடந்தவர்களை இன்னொரு கப்பல் காப்பாற்றி, வயிறு முட்டத் திமிங்கலக் கறி போட்டதாம். “பனியில் சாகாத என் அண்ணன் பந்தியில் செத்தான்” என்றான்.

“இது கலகம். இதற்குத் தூக்குதான்” என்று கத்தினார் கப்பித்தான். யான் நகரவில்லை. “தூக்கில் போடுங்கள் கப்பித்தானே. கயிற்றை இழுக்க உங்களுக்குத் தெம்பு வரட்டும். அதுவரை சிப்பிதான்.”

கோட்டையில் கேட்ட கேள்வி

தச்சன் அன்று மாலை வயிற்றைப் பிடித்தபடியே அடங்கிப்போனான். பனைகளுக்கு அப்பால் குழி தோண்டினோம். ஏரிக்காற்றும் மணலை அள்ளி எங்களோடு சேர்ந்து மூடியது. அதன்பிறகு கப்பித்தான் தானே சிப்பிக்குக் கை நீட்டினார்.

நால்வரும் நடக்கத் தொடங்கியதும் கோட்டையில் விசாரணை. சோறு போட்டவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யான் சுவரோரம் தலைகுனிந்து நின்றான். கப்பித்தான் ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குக் கயிறு. “உங்களோடு வந்தவர்களில் உங்கள் கட்டளையை மீறியவர் உண்டா?” என்று அதிகாரி கேட்டார். கப்பித்தான் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “மீறாதவன் ஒருவன் இருந்தான் ஐயா. அவனைப் புதைத்துவிட்டோம்.”

கோட்டைக்குக் கலகக்காரன், விசுவாசி என்று இரண்டு வகை மனிதர்கள். கஞ்சிக்காரிக்கு, எழுந்து வந்து உப்பு குறைவு என்று சண்டை பிடிக்கிறவன், எழுந்து வராதவன் என்று இரண்டே வகை.