உப்பிய டப்பா

என் நாத்தனாரின் கணவர் ஊட்டியில் ஒரு துரை பங்களாவில் பட்லர். கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால், எங்கள் ஏரி விரால் அவருக்கு இறங்காது. துரை மேஜையில் வைக்கிற சீமை டப்பா மீன்தான் வேண்டும். அதையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே திறக்க விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அதற்காகவே ரயிலேறிப் பட்டணம் போனேன். கடையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு டப்பாவையும் அமுக்கிப் பார்த்து, மூடி நன்றாக உப்பியிருந்த ஒன்றை எடுத்தேன். அதில்தான் மீன் அதிகம் அடைத்திருப்பார்கள் என்று எனக்குள் சந்தோஷம்.

வீட்டில் அவர் வழக்கம்போல் கையை நீட்டினார்.

"இன்னா அண்ணே, எல்லாத்துக்கும் சோதனையா? குந்துங்க, ஆக்கிப் போடறேன்" என்று மூடியில் கத்தியைக் குத்தினேன். புஸ்ஸென்று காற்று கிளம்பியது. ஒரு வாடையும் வந்தது. சீமை மீன் இப்படித்தான் இருக்கும்போல என்று ருசி பார்க்க விரலில் தொட்டு எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார்.

"வாயில வெக்காதே தங்கச்சி! மூடி உப்பிக்கினு இருந்தா உள்ள விஷம். அதுக்குத்தான் வாங்கிப் பாக்குறது."

கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். அன்றைக்கு விரால் குழம்புதான். அவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

எறும்புகூட நுழைய முடியாத டப்பாவுக்குள் எது புகுந்து கெடுத்தது? அவருக்கும் தெரியவில்லை. இப்போது மூடி தட்டையாக இருப்பதையே வாங்குகிறேன். அவர் கேட்குமுன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, பக்கத்தில் நின்று நானும் பார்க்கிறேன்.