இரு தோட்டாக்களும் ஒரு காட்டுமாடும்

கூடலூர் காப்பிக்கடைப் பெஞ்சில் இரண்டு தோட்டாக்களை நிறுத்தி வைத்து நானும் நண்பர் ராஜமும் வாதாடுகிறோம். என் 375 மேக்னம் ரகத் தோட்டா வெகுதூரம் நேராகப் பாயும். அவருடைய 470 கட்டைவிரல் தடிமன். கிட்டத்தில் யானையையே உட்கார வைக்கும் என்கிறார். நேற்று மலையடியில் ஒரே காட்டுமாட்டை இருவரும் சுட்டோம். அது புதருக்குள் ஓடிவிட்டது. யார் குண்டு பட்டது என்பதுதான் சண்டை.

கடைக்கார அம்மாள் டம்ளரை வைக்கிறாள்.

“ரெண்டுந்தான்யா பட்டிருக்கு. ரெண்டு எடத்துல ரத்தம் வடிய ஓடைப் பக்கம் நிக்கிதாம். விறகுக்குப் போன பொம்பளையாளுக பாத்துட்டு ஓடியாந்துட்டாக. அது சாகுற வரைக்கும் யாரும் அங்கன போக மாட்டாக. நாங்க அடுப்புக்கு எங்கய்யா போறது?”

காயம்பட்டதைத் தேடி முடிக்காமல் வேட்டைக்காரன் ஊர் திரும்பக்கூடாது. இருவருக்கும் தெரிந்த விதிதான். தோட்டாவை எடுக்கையில் கை கூசுகிறது. ஓடைப் பக்கம் போகாமல், எங்கள் ஊரான மதுரைக்கே காரில் ஏறுகிறோம்.